பின் கண்ணாடி மங்கவில்லை, மச்சான்

உ
கதிர்காமக் கந்தன் காவல்

பண்டாரவளை
27.1.1972

என் மனைவியின் மூத்த அண்ணனும், எங்கள் குடும்பத்தின் தலைக்கட்டும், நான் வாடகைக்கு ஓட்டும் ஹயரிங் காரின் புத்தகத்தில் சொந்தக்காரர் என்று பேர் எழுதப்பட்டவருமான மச்சான் சிவஞானம் அவர்களுக்கு, இராமையா பணிவோடு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை ராசம்மா, கார், மூவரும் சுகம். அங்கே கொழும்பில் உங்கள் உடம்பும், மாவுக்கட்டுப் போட்டுத் தூக்கிக் கட்டியிருக்கும் உங்கள் வலது காலும் சீக்கிரம் தேறி வர வேண்டும் என்று கந்தனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன். நீங்கள் எழுந்து நடந்த அன்று அதை உடைப்பேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவதைக் கட்டிலில் சாய்ந்தபடியே படியுங்கள். கோபத்தில் எழுந்து நின்றால் கால் திரும்ப முறியும், அந்தப் பழியும் என் தலையில்தான் விழும்.

உங்கள் ரெஜிஸ்டர் தபால் நேற்றுப் பகல் வந்தது. முதல் பக்கத்தில் "மாப்பிள்ளை, நீங்கள்" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் நான் "நீர்" ஆனேன். மூன்றாம் பக்கத்தில் "நீ" ஆகிவிட்டேன். நாலாம் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ, காகிதம் தீர்ந்து காப்பாற்றியது. "பின் கண்ணாடியைத் துடைத்து வைக்கத் துப்பில்லாமல், பனிக்குள்ளே காரைப் பின்னால் எடுத்து, தகப்பன் இல்லாத பிள்ளைக்கு நான் வாங்கி அனுப்பிய ஆளுயரக் கண்ணாடி அலுமாரியைத் தாலி ஏறின அன்றைக்கே தூளாக்கிவிட்டாய். சாவியைப் பிடுங்குவேன் என்று சம்பந்தி வீட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் கோச்சியில் வருகிற ஆளிடம் கொடுத்துவிடு" என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், அலுமாரி உடைந்தது உண்மை. என் கார் இடித்தது உண்மை. ஆனால் பின் கண்ணாடி மங்கியிருந்தது என்பது பச்சைப் பொய். சாவி என் அரைஞாண் கயிற்றில் கிடக்கிறது, குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. கொடுக்க மாட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையில் ஸ்டியரிங் பிடிக்கிறேன். எனக்குச் சோறு போடுவதும் அதுதான், ஊரில் நாலு பேர் "வாங்க" என்று கூப்பிடுவதும் அதனால்தான். ஒரு கோழிக்குஞ்சின் சாபம்கூட என் மேல் கிடையாது.

நீங்கள் இருப்பது கொழும்பில். அங்கே மழை மேலிருந்து கீழே பெய்யும். இங்கே மார்கழி, தையில் மழை பக்கவாட்டில் பெய்யும், பனி பள்ளத்திலிருந்து மேலே ஏறி வரும். முன் கண்ணாடிக்கு வைப்பர் இருக்கிறது. அது இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் படுத்துக்கொண்டால் கையை வெளியே நீட்டித் தள்ளிவிடலாம். உள்பக்கம் மங்கினால் சட்டைப்பை லேஞ்சியால் ஒரு துடை. பின் கண்ணாடிக்கு இந்தப் பாக்கியம் ஒன்றும் இல்லை. வெளிப்பக்கம் சக்கரச் சில்லு வாரி அடிக்கிற சேறு, உள்பக்கம் பின் சீட்டுக்காரர்கள் விடுகிற மூச்சு, ஓட்டுகிறவனுக்கோ கை எட்டாது. அந்த எட்டாத கண்ணாடியில்தான் இந்த மலையில் உயிரே இருக்கிறது. ரோட்டு ஒரு வண்டி அகலம். ஏறி வருகிற பாரவண்டிக்கு இறங்குகிறவன் பின்னால் போய் வழிவிட வேண்டும், அதுதான் இங்கே சட்டம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பின் கண்ணாடி தெரியாவிட்டால் பள்ளம் முதலில் தெரியாது, அப்புறம் நன்றாகத் தெரியும்.

இதை அறியாதவனா நான்? "இரண்டு விரல் அளவு ஜன்னலை இறக்கி வைத்தால் உள்ளே ஆவி தங்காது" என்று போன ஐப்பசியில் நீங்கள் எழுதினீர்கள். செய்தேன். பூனாகலை மலையில் அந்த இரண்டு விரல் சந்து வழியாகப் பனி முழுசாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவரை பின் கண்ணாடி மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பின் சீட்டே தெரியவில்லை. இளைப்பு நோய்க்காரர் ஒருவரைப் பண்டாரவளைக்கு மருந்துக்குக் கொண்டுவந்த நாள் அது. பனிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "ஏங்க டைவரு, என்னய ஆஸ்பத்திரிக்குத்தான கூட்டிப் போறீங்க? போற வழியிலயே மோட்சத்துக்கு விட்டுட்டீங்களோன்னு பாத்தேன்." உங்கள் யோசனையை அன்றே மூடிவிட்டேன்.

அப்புறம் பண்டாரவளைச் சந்தியில் மரக்கறி லொறி ஓட்டுகிற மஹ்ரூப் நானா ஒரு வித்தை சொன்னார். அவரை உங்களுக்குத் தெரியும், முன்பல்லில் ஒன்று இல்லாதவர். "வெத்திலக்கிப் போடுற பொகயிலத் துண்ட நனச்சி வெளியால தேய்ங்க இராமையா, மழத்தண்ணி நிக்காம ஓடிடும்" என்றார். தேய்த்தேன். மழைத்தண்ணீர் கடன்காரனைக் கண்டவன் மாதிரி வழுக்கி ஓடியது. வெளியே இவ்வளவு நல்லது செய்கிற புகையிலை உள்ளேயும் நல்லது செய்யும் என்று நினைத்ததுதான் என் பிழை. உள்பக்கமும் தேய்த்துவிட்டு நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இரண்டாம் மைல்கல்லில் ஒருத்தி தும்மினாள். நாலாம் மைல்கல்லில் நாலு பேரும் தும்மினார்கள். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு சுண்டு ஆவி என்று வைத்துக்கொண்டாலும் கண்ணாடியின் கதி என்ன என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாலு பேரில் வெற்றிலை போடுகிறவள் மட்டும் சந்தோஷமாக இறங்கிப் போனாள். கண்ணாடியில் ஒரு மூலையைச் சுரண்டியிருந்தாள்.

புகையிலை தோற்ற பிறகு உருளைக்கிழங்குக்கு வந்தேன். வெட்டின கிழங்கை உள்பக்கம் தேய்த்தால் ஆவி பிடிக்காது என்று எங்கோ கேட்ட ஞாபகம். உண்மையிலேயே பிடிக்கவில்லை, மச்சான். அன்று முழுக்கக் கண்ணாடி தண்ணீர் மாதிரி இருந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் கிழங்குப் பால் காய்ந்து, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த லயத்துச் சுவர் மாதிரி வெள்ளைவெளேர் என்று நிற்கிறது. அதைச் சவுக்காரம் போட்டுக் கழுவுகிறேன், உங்கள் தங்கை பின்னால் வந்து நின்றாள். "மனுசரு வாயில போட ஒரு கெழங்கு கெடைக்காம கெடக்கு, நீங்க காருக்கு ஊட்டி விடுறீங்களா?" என்று கேட்டு மிச்சக் கிழங்கைப் பிடுங்கிப்போய்க் கறி வைத்துவிட்டாள். நான் புகையிலை நறுக்கியது அதே கத்தியில்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். அன்று சாயந்தரம் எனக்கும் தலை சுற்றியது, அவளுக்கும் சுற்றியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கருத்தாக இருந்தது அன்றைக்குத்தான்.

மூச்சைத்தானே குறைக்க வேண்டும், மூச்சு அதிகம் செலவாவது பேச்சில்தானே என்று யோசித்து, "பின் சீட்டில் பேசக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். சிரிக்காதீர்கள், பத்து நாள் அருமையாக வேலை செய்தது. பதினோராம் நாள் நமுனுகுலவில் ஒரு கேத வீட்டுக்குப் போகிற பெண்கள் ஏறினார்கள். பேசவில்லை, சட்டத்தை மதித்தார்கள். ஒப்பாரி வைத்தார்கள். செத்தவரின் நற்குணங்களை முதல் வளைவில் தொடங்கி வீட்டு வாசல் வரைக்கும் சொல்லி அழுதார்கள், கண்ணாடியும் கூடச் சேர்ந்து அழுதது. அழுகிறவர்களிடம் மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? இறங்கும்போது வாடகையை வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில்தான் ஞானம் வந்தது. பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்துப் பின் சீட்டின் தலைமாட்டில் கயிறு போட்டுக் கட்டினேன். ஒவ்வொரு பயணத்துக்கும் பின் சீட்டில் ஒருவருக்குக் கண்ணாடி உத்தியோகம். துடைக்க வேண்டியது, பின்னால் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டியது. மலைப்பக்கம் நெருங்கினால் "மல", பள்ளப்பக்கம் நெருங்கினால் "பள்ளம்". இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த திசை இரண்டே இரண்டுதான். சட்டம் போட்டு நடக்காதது உத்தியோகம் கொடுத்ததும் நடந்தது. மனிதர்கள் அப்படித்தான். மார்கழி முழுக்க இந்த முறையில்தான் ஓட்டினேன், ஒரு கீறல் கிடையாது. ஆகவே போன வெள்ளிக்கிழமை காலமான உங்கள் தம்பி மகள், நம் பிள்ளை நல்லம்மாவின் கல்யாணத்துக்குக் காரைக் கழுவி, மாலை போட்டு நிறுத்தினபோது, ஊவா மாகாணத்திலேயே பின்னால் பார்க்கத் தெரிந்த கார் அது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன்.

கல்யாணம் பூனாகலைக் கோயிலில் நல்லபடியாக முடிந்தது. தகப்பன் ஸ்தானத்தில் நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிற்க வைத்தார்கள். பொண்ணு மாப்பிள்ளையைக் கொஸ்லந்தையில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. பின் சீட்டில் நடுவில் நல்லம்மா, ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் மாப்பிள்ளையின் அக்கா பெரியாயி. மாப்பிள்ளை பேசாத மனிதர். அக்கா பேசுவதே இரண்டு பேருக்குப் போதும். முன் சீட்டில் குத்துவிளக்கும் வாழைக்குலையும். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் தோட்டத்து டிராக்டர் பெட்டியில் சீர் சாமான்கள், அதற்கு நடுவில் பாயைச் சுற்றிக் கட்டின உங்கள் அலுமாரி, அதற்குக் காவலாக உங்கள் தங்கை.

மூன்றாவது வளைவு தாண்டி இறங்குகிறோம், கீழேயிருந்து ஒரு லொறி உறுமிக்கொண்டு ஏறி வருகிறது. மஹ்ரூப் நானா. மூட்டை நிறைந்த லொறி, பிரேக்கை அவரே நம்ப மாட்டார். தலையை வெளியே நீட்டி, "இராமையா, நான் நிப்பாட்டினா திரும்ப ஏறாது, பின்னுக்கு எடுங்க!" என்றார். நியாயம். ரிவர்ஸ் போட்டேன். பெரியாயி என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"பொண்ணு ஏறின வண்டி பின்னால போறதா? எந்த ஊரு வழக்கம் இது? வாழப் போனவ திரும்பி வந்துருவா, தெரியுமில்ல?"

"அப்ப பொண்ணு ஒரு நிமிசம் எறங்கட்டும். நான் வெறும் வண்டியப் பின்னால எடுத்துர்றேன்."

"எறங்குறதா? மாப்புள வீட்டு வாசல்ல வலது கால் வைக்கிற வரைக்கும் வழியில கால் ஊனக் கூடாது!"

பின்னால் போகவும் கூடாது, இறங்கவும் கூடாது, முன்னால் போனால் லொறி. லொறியோ "நான் வாறேன், நான் வாறேன்" என்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக ஏறுகிறது. அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனை உங்களுக்கு வந்திருக்குமா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டேன்: "பெரியாயி அக்கா, பொண்ணு பின்னால போகக் கூடாது, அவ்வளவுதானே? பொண்ணு சீட்டுல திரும்பி மண்டி போட்டு, பின் கண்ணாடியப் பாத்து ஒக்காரட்டும். அப்ப வண்டி அவ மொகம் பாத்த பக்கம்தான போகுது? அவளுக்கு அது முன்னாலதான?"

பெரியாயி கொஞ்ச நேரம் வாயை மூடினார். மாப்பிள்ளை அதை அதிசயமாகப் பார்த்தார். "மொகம் போற பக்கம் போனா முன்னாலதான்" என்று பெரியாயி தீர்ப்புச் சொன்னார். பிறகு தம்பியையும் பார்த்து, "நீயும் திரும்புடா" என்றார். மூன்று பேரும் திரும்பி மண்டி போட்டார்கள். நல்லம்மா வேட்டித் துண்டை எடுத்தாள். ஐப்பசியிலிருந்து நான் பட்ட பாட்டுக்கு அந்தப் பிள்ளை துடைத்த துடைப்பு ஒன்று போதும். வெளிப்பக்கம் காலையில் தேய்த்த புகையிலை, உள்பக்கம் அவள் கை. கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. "மல, மாமா... இப்ப பள்ளம்... நேரா வாங்க..." என்று அவள் சொல்லச் சொல்ல, நான் பெண்ணழைப்பு ஊர்வலம் போகிற மாதிரி மெதுவாகப் பின்னேறினேன்.

வளைவு திரும்பியதும் பிள்ளை குரல் மாறியது. "மாமா, எதுக்க ஒரு காரு வருது."

திரும்பிப் பார்த்தேன், பனிக்குள்ளே எனக்கும் பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சிவப்பு விளக்கு இரண்டு. மாலை போட்ட கார். நம் கார் மாதிரியே கறுப்பு.

"அதுலயும் ஒரு பொண்ணு இருக்கா மாமா. கூறச் சேலை கட்டிருக்கா. அவளும் கண்ணாடியத் தொடைக்கிறா."

பெரியாயி "முருகா!" என்று ஒரு சத்தம் போட்டார். கல்யாணப் பொண்ணு இரண்டு பேர் வழியில் முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாதாம். யார் வழிவிடுகிறாளோ அவள் வாழ்வு தாழ்ந்துவிடுமாம். "விடாத தம்பி, அவங்கள வழிவிடச் சொல்லு, நம்ம பொண்ணு எறங்கிப் போகக் கூடாது!" என்று சொல்லிவிட்டு, முந்தானையை எடுத்துத் தன் தலையையும் தம்பி தலையையும் சேர்த்து மூடி, குனிந்துகொண்டு, வள்ளி தெய்வானை இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

நான் ஹாரன் அடித்தேன். அவனும் அடித்தான். மலை எதிரொலிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை. நின்றேன், அவனும் நின்றான். ஒரு அடி வந்தேன், அவனும் ஒரு அடி வந்தான். நம்பரைப் படித்துப் பார்த்தேன், எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. வெளி மாகாணத்துத் திமிர் பிடித்தவன் என்று முடிவுகட்டினேன். கீழே மஹ்ரூப் நானா நெருங்கிவிட்டார். தகப்பன் இல்லாத பிள்ளை, அவள் வாழ்வு தாழ நான் வழிவிடுவதா? இராமையா விடமாட்டான் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

இரண்டு முழம் இருக்கும்போது நல்லம்மா கையைத் தூக்கினாள். அந்தப் பொண்ணும் தூக்கினாள். பிள்ளை சின்னக் குரலில் சொன்னாள்:

"மாமா, அது நான்தான்."

இடித்துவிட்டது.

நடந்தது என்ன என்று இறங்கிப் பார்த்ததும் விளங்கியது. பின்னால் வந்த டிராக்டரின் சில்லு சேற்றில் வழுக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கியிருக்கிறது. பாரத்தைக் குறைக்க உங்கள் அலுமாரியை இறக்கி வளைவில் மலையோரம் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். வழுக்குகிற சில்லுக்கு அடியில் போட வேறு ஒன்றும் இல்லாமல், அலுமாரியைச் சுற்றின பாயை அவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் உங்கள் தங்கை உட்பட எல்லாரும் டிராக்டருக்கு மறுபக்கம் போய்த் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி தனியாக நின்றிருக்கிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, மச்சான்? என் பின் கண்ணாடி கொஞ்சம் மங்கியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு எதிரே ஒன்றும் தெரிந்திருக்காது, மெதுவாக வந்து நின்றிருப்பேன். கண்ணாடி தெளிவாக இருந்ததால்தான் இடித்தேன். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

பிறகு ஏன் ஊரெல்லாம் வேறு கதை பேசுகிறது என்று கேட்பீர்கள். அதையும் சொல்கிறேன். கண்ணாடித் துண்டுகள் ரோட்டில் கிடக்கின்றன. நல்லம்மா காருக்குள்ளே வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள், கையில் அந்த வேட்டித் துண்டு. பெரியாயி இன்னும் முந்தானைக்குள்ளே கந்தனைக் கூப்பிடுகிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது உங்களுக்குத் தெரியும். வாசல் மிதிக்கும் முன்னே தன் சீர்க் கண்ணாடியை, அதுவும் தன் முகம் தெரியத் தெரிய உடைத்துக்கொண்டு வந்தவள் என்று ஒரு பேர் விழுந்தால் அந்த வீட்டில் அந்தப் பிள்ளை எப்படி ஐம்பது வருஷம் வாழ்வாள்? பால் பொங்கி வழிந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பெரியாயி முந்தானையை விலக்கி, "எங்க அந்தப் பொண்ணு காரு?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"அவங்க வழிவிட்டுப் போயிட்டாங்க அக்கா. நம்ம பொண்ணு மொகத்தப் பாத்ததும் மேல திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கண்ணாடி மங்கிருச்சி. புள்ள நிப்பாட்டச் சொன்னிச்சி, நாந்தான் கேக்காம எடுத்து இடிச்சிட்டேன். தப்பு என்னுது."

அதற்குள் லொறியை வளைவின் சமதரைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மஹ்ரூப் நானா நடந்து வந்தார். காரைப் பார்த்தார், உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், நல்லம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஐந்து நேரமும் தவறாமல் தொழுகிற மனிதர். "ஓம் ஓம், நானும் கண்டேன். அந்தக் கார் திரும்பிப் பெய்த்து" என்று, போகாத கார் போனதுக்குச் சாட்சி சொன்னார். பெரியாயிக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதே வாயால் என்னை இறங்கும் வரைக்கும் திட்டினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கொஸ்லந்தையில் எல்லாரும் ஆரத்தித் தட்டு எடுக்க ஓடினார்கள். நான் பின்னால் சேறு துடைக்கிற சாக்கில் நின்றேன். நல்லம்மா இறங்குவதற்கு முன், அந்தப் பின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக் கலைந்திருந்த பொட்டைச் சரிசெய்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அவள் சிரித்தாள். "மாமா, அந்தப் பொண்ணு போகல. இங்கதான் இருக்கா" என்றாள். வலது காலை வைத்து உள்ளே போய்விட்டாள்.

இதுதான் நடந்தது. இதில் என் குற்றம் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். என் கூடப் பிறந்த அண்ணனுக்கு மேலாக நினைக்கிற நீங்கள் "துப்பில்லாதவன்" என்று எழுதினதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்று ராசம்மா சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. ஆகவே திட்டமாகச் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆள் வந்தால் தேத்தண்ணி கிடைக்கும், ரொட்டி கிடைக்கும், அடுத்த கோச்சிக்கு ஸ்டேஷன் வரைக்கும் காரிலேயே கொண்டுபோய் விடுவேன். சாவி கிடைக்காது. நீங்களே மாவுக்கட்டோடு வந்தாலும் கிடைக்காது. உங்கள் காலை முன் சீட்டில் நீட்டி வைத்து, உங்களுக்குக் கண்ணாடி உத்தியோகம் கொடுத்து, அந்த வளைவுக்கே கூட்டிப்போய்க் காட்டுவேன்.

மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் காலுக்குக் கந்தன் துணை. எழுத்தில் மரியாதைக் குறைவு இருந்தால் அது பேனாவின் குற்றம். கருத்தில் இருந்தால் அது என்னுடையது, மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
சாவியைக் கொடுக்காத
மு. இராமையா

பி.கு.: எழுதினதை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "வார வெள்ளிக்கெழம பொண்ணு மாப்புளையோட பெரியாயியும் அண்ணே வீட்டுக்கு விருந்துக்குப் போறாங்க. ஒங்க கையில இன்னமும் சாவி இருக்குன்னா, ஏன் இருக்குன்னு அவங்க கேக்க மாட்டாங்களா?" என்றாள். வழிவிட்டுப் போன அந்த இன்னொரு பொண்ணைப் பற்றிப் பெரியாயி கொஸ்லந்தை முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுகிறாராம். நம் பிள்ளையின் முகராசி என்கிறாராம். ஆகவே, மச்சான், இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடுங்கள். பின் கண்ணாடி மங்கித்தான் இருந்தது. எனக்குத் துப்பில்லை. பெரியாயி வந்திருக்கும்போது என்னை இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டுங்கள், நாலாம் பக்கம் பாக்கி இருக்கிறது. அரைஞாண் கயிற்றின் முடிச்சை ராசம்மாதான் அவிழ்த்தாள். சாவி இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது, உங்கள் ஆளிடம் கொடுத்து அனுப்புங்கள். கார் வாசலில் நிற்கும். புகையிலை வெளிப்பக்கம் மட்டும் என்று அவருக்குச் சொல்லுங்கள், கிழங்கு வேண்டவே வேண்டாம். வேட்டித் துண்டைக் கழுவிக் காயப்போட்டுக் கட்டியிருக்கிறேன். நல்லம்மா எப்போது அந்தக் காரில் ஏறினாலும் பின் கண்ணாடி துடைத்தே இருக்க வேண்டும். பிள்ளைக்கு முகம் பார்க்க இப்போது வேறு கண்ணாடி இல்லை.